பெண் கொடுத்தவரும் எடுத்தவரும்

"கல்வெட்டுல எம்பேரு ரெண்டாவதா வருதுன்னா நான் விழாவுக்கே வரலீங்க அம்மணி" என்று தம்பிதுரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஃபர்சானா கெஞ்சி அவரை உட்கார வைத்தாள். காந்திபுரத்து இலவச டயாலிசிஸ் மையத்துக்கு நன்கொடை திரட்டுவதும் பத்திரிகைக்காரர்களைக் கவனிப்பதும் அவள் வேலை. புது மெஷினுக்குப் பாதிப் பணம் தருவதாகச் சொன்னவர் பம்பு கம்பெனி தம்பிதுரை. மறுபாதிக்கு அவருடைய மனைவியின் தம்பி, நூல் மில் தனபால். இருவர் படத்தையும் 'வள்ளல்கள்' என்று பேப்பரில் வரவைத்ததே அவள்தான். கல்வெட்டு முடிவானதும் செக் கைக்கு வரும் என்று பேச்சு.

மெஷின் வந்தால் அவள் வேலை நிரந்தரம். வராவிட்டால் அடுத்த மாதம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். செயலாளர் கரீம் இதைப் பேரீச்சம்பழம் கொடுத்து, மிக இனிமையாகச் சொல்லியிருந்தார்.

"பொண்ணு எடுத்தவன் நானுங்க. மாப்பிள்ளை மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க?" என்றார் தம்பிதுரை.

"பொண்ணு குடுத்தவங்க நாங்கங்க" என்றார் எதிரே இருந்த தனபால், மின்விசிறியைப் பார்த்தபடி. இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் ஃபர்சானா வழியாகத்தான். "குடுத்தவங்களுக்குத்தான் மொத மரியாதை. அவருகிட்டச் சொல்லுங்க."

இங்கே இன்னும் யாரும் எதையும் கொடுக்கவில்லையே என்று ஃபர்சானாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தவளை தன் வாயால் கெட்ட கதை நினைவுக்கு வர, விழுங்கிக்கொண்டாள்.

"பக்கத்துப் பக்கத்துல போட்டுரலாமுங்க ஐயா."

"வலது பக்கம் யாருங்க?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"அப்ப ரெண்டு கல்லா வச்சரலாமுங்க. வாசலுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு."

தனபால் எழுந்து போய் வாசலை நோட்டம் விட்டுவிட்டு வந்தார். "ஒரு பக்கம் செருப்புக் கழட்டற எடமுங்க. அங்க அவரு பேரைப் போட்டுக்கச் சொல்லுங்க."

தம்பிதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். அது நல்ல சகுனமல்ல.

ஃபர்சானா டீ சாசரைக் காகிதத்தில் கவிழ்த்து அவசரமாக ஒரு வட்டம் போட்டாள். "கல்லையே வட்டமா செஞ்சுபோடலாமுங்க. சுத்தி எழுதிட்டா முன்னாடி பின்னாடிங்கற பேச்சே இல்லீங்க."

இருவரும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"எழுத்து எங்கிருந்து ஆரம்பிக்குதுங்க?" என்றார் தம்பிதுரை.

ஃபர்சானாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்பப் பேரே வேண்டாமுங்க! 'இரு நல்ல உள்ளங்கள்'னு மட்டும் போட்டுரலாம்."

முதல் முறையாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாடா, சமாதானம் பிறந்துவிட்டது என்று அவள் நம்பினாள்.

"பேரில்லாத கல்லா?" என்றார் தனபால்.

"மரியாதை இல்லாத எடத்துல எப்படிங்க செக் எழுதறது?" என்றார் தம்பிதுரை.

ஒருவர் லிஃப்டில் இறங்கினார், இன்னொருவர் படியில். போன வேகத்தில் தம்பிதுரையின் செல்போன் மேசையிலேயே கிடந்தது. அது அடித்தது. திரையில் 'ஊடு' என்று இருந்தது.

தம்பிதுரையின் மனைவி காலில் விழுந்தாவது காரியத்தைச் சாதிக்கலாம் என்று ஃபர்சானா பாய்ந்து எடுத்தாள்.

"அக்கா, நான் டயாலிசிஸ் சென்டர்ல இருந்து பேசறேனுங்க. உங்க வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும் பெரிய சண்டைங்க. ரெண்டு பேரும் கோவிச்சுட்டுக் கெளம்பிட்டாங்க. நீங்கதான் எப்படியாச்சும் சமாதானம் பண்ணி வைக்கோணும்..."

"அட, அதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்களா கண்ணு?" என்றார் குழந்தையம்மாள். "போன மாசம் ஒரு பள்ளிக்கூடத்துல இதே சண்டை முடியறதுக்குள்ள பொழுதே சாஞ்சுருச்சுங்க. சரி, கீழ கார்ல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உக்காந்திருப்பாங்க, கோழிக்கொழம்பு ஆறுதுன்னு சொல்லிப்போடுங்க."