மூன்றாவது மரம்

இன்றைக்கு எப்படியாவது தப்பித்துவிட வேண்டும் என்ற உறுதியோடுதான் மேலாளர் காலையில் கண் விழித்தார். மூக்குக்கண்ணாடிக் கடை மேலாளர். ஊருக்கே பார்வை சரிபார்த்துக் கொடுப்பவர். அவர் கண்ணுக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. முக்கியமாக, மனைவிக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால், "கலர் விஷயத்துல என்னை அடிச்சுக்க ஆளே இல்ல" என்று அவளிடம் அளந்துவிட்டிருந்தார். அன்று முதல் அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பதே அவருக்கு முழுநேர வேலை. கடை நடத்துவதெல்லாம் ஓய்வு நேரத்தில்தான். இப்போது மகளின் பள்ளிக்கூடச் சுவரில் பெற்றோரெல்லாம் சேர்ந்து படம் தீட்டப்போகிறார்கள். குடும்பத்துக்கு ஒரு மரம். இலைக்குப் பச்சை, பழத்துக்குச் சிவப்பு.

"ஏம்மா, தோள்பட்டை வலிக்குது."

"எந்தத் தோள்பட்டை?"

"வலது."

"அப்ப இடது கையால பூசுங்க."

"ரெண்டுமே வலிக்குதே!"

"பிரஷ்தாங்க தூக்கப்போறீங்க. கடப்பாரையா?"

வலி அடங்கிவிட்டது. ஆனால் கைவசம் இன்னொரு திட்டம் இருந்தது. பெயின்ட் டப்பாவில் நிறத்தின் பெயர் எழுதியிருக்கும். எல்லோருக்கும் முன்னால் போய்ப் படித்துவிட்டு, பச்சை டப்பாவில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டால் தீர்ந்தது.

போய்ப் பார்த்தால் டப்பாக்களையே காணோம். ஓவிய டீச்சர் அத்தனையையும் பிளாஸ்டிக் கப்புகளில் ஊற்றி, மரத்துக்கு இரண்டாக வைத்திருந்தார். மேலாளருடையது மூன்றாவது மரம். இரண்டு கப்பையும் எட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே சேறாகத் தெரிந்தன.

இலையெல்லாம் சிவப்பாக ஒரு மரம் நின்றால்? மகள் படித்து முடிக்கும்வரை நிற்குமே! மனைவி சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை, அவளுடைய மூன்று அக்காக்களும் முறைபோட்டுக்கொண்டு சிரிப்பார்கள்.

நான்காவது மரம் ரொட்டிக்கடைக்காரருடையது. மேலாளர் மெல்ல அவர் பக்கம் நகர்ந்து, தன் கப்புகளை யதார்த்தமாக நீட்டினார்.

"இலைக்கு எதை எடுக்கலாம்னு நினைக்கிறீங்க?"

"எதை வேணா எடுங்க சார். ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல... நீங்களா இருந்தா?"

"கைக்கு எது கிட்ட இருக்கோ அது."

மாவைத் தவிர வேறெதையும் பார்த்தறியாத மனுஷன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினார் மேலாளர்.

சுவரின் அந்தக் கோடியில் சூரியனுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, இன்னும் ஆரம்பிக்கலையா?"

"சுவர் காயட்டும்னு பார்க்கிறேன்!"

"அது போன வாரமே காஞ்சாச்சு!"

இனியும் நின்றால் குட்டு உடைந்துவிடும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு கப்பில் பிரஷ்ஷை விட்டார். இலைகளை அப்பினார். இன்னொரு கப்பை எடுத்துப் பழங்களை முடித்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மனைவி வந்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு மரத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"பரவால்லையே! அழகா பூசியிருக்கீங்க."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பின்னே? கலர்னா நானாச்சே! அந்தப் பழத்தைப் பாரு, சிவப்பு எப்படி எடுத்துக்காட்டுது! பக்கத்து மரத்துச் சிவப்பெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்குமா?"

ரொட்டிக்கடைக்காரரின் பிரஷ் அப்படியே நின்றது.

மனைவி மேலாளரின் கன்னத்தில் தெறித்திருந்த பெயின்ட்டை விரலால் துடைத்துவிட்டாள்.

"ரெண்டு கப்புமே பச்சைங்க. உங்க மரத்துல மட்டும் எல்லாம் காயாவே இருக்கட்டும்னு டீச்சர்கிட்ட முந்தாநாளே சொல்லிட்டேன்."