இரண்டாவது முட்டு

என் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. உடம்பு போயிருந்தது. பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, மேடையில் உட்கார்ந்து தாலியும் கட்டியிருக்கிறது. வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். யாரோ ஒருத்தர் கல்யாணத்தைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன் (சாப்பாடு மட்டும் நம் வீட்டுக் கணக்கில்).

இதில் கொடுமை என்னவென்றால், ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு சேஃப்டி பிரிவில் வேலை. ஹெல்மெட் இல்லாமல் உள்ளே வருகிறவர்களை வாசலிலேயே மறித்துத் திட்டுவதற்குத்தான் சம்பளம். மூளை ஒருமுறை போனால் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது என்று மாதாமாதம் வகுப்பெடுப்பேன். அப்படிப்பட்ட நான், கல்யாணத்துக்கு முதல் நாள் உத்திரமேரூர் மண்டபத்தில் தேங்காய் மூட்டையைத் தேடிக்கொண்டு ஸ்டோர் ரூம் பக்கம் போனேன். காதில் போன். அந்த ரூமின் ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாது. சமையல்காரர்கள் எல்லாரும் குனிந்துதான் போய்வந்துகொண்டிருந்தார்கள். நான் குனியவில்லை.

அதோடு என் ஞாபகம் முடிகிறது. இனி ஞாபகம் திரும்பும்வரை எழுதப்போவதெல்லாம் அம்மாவும் அமுதாவும் சொன்னது. அமுதா என்பது நான் கட்டிக்கொண்ட பெண், மாகறல் ஊர்க்காரி.

இரும்பில் நெற்றி மோதி உட்கார்ந்தேனாம். கொஞ்ச நேரம் யார் கூப்பிட்டும் பதிலில்லை. அம்மா ஓடிவந்து தேங்காயெண்ணெய் தடவி, ஈர டம்ளரை வைத்து அழுத்தியிருக்கிறாள். "வீங்கக்கூட இல்ல, போட்டோல தெரியாது" என்று அவளுக்கு ஒரே நிம்மதி. எங்கள் ஊரான பெருநகரிலிருந்து சனம் முழுக்க வந்திறங்கியிருந்த நேரம். மாப்பிள்ளை தலை வெளியே பார்க்க நன்றாக இருந்தால் போதும், உள்ளே எப்படி இருக்கிறது என்பதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள்.

சாயங்காலம் ரிசப்ஷன். மேடையில் போட்டோகிராபர் கண்ணில் குத்துகிற மாதிரி விளக்கு போட்டிருந்தார். நான் அவரைக் கூப்பிட்டு, ரிசப்ஷன் எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறேன். நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவர் சிரித்திருக்கிறார். பிறகு பக்கத்தில் நின்ற அமுதாவிடம் அதையே கேட்டேன். பிறகு மறுபடி அவளிடமே. அப்புறம் கால் தள்ளாடி, சோபாவுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

பெண் வீட்டார் பக்கம் சலசலப்பு. அமுதாவின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குடிகாரப் பையனுக்குப் பெண்ணைக் கொடுப்பதைவிட இப்போதே வண்டியைத் திருப்பிவிடலாம் என்று கத்த ஆரம்பித்துவிட்டார். குடிக்க வைத்துவிட்டார்கள் என்று என் நண்பர்களை அடிக்கவும் இரண்டு பேர் தயாராக இருந்தார்களாம். (பாவம், அந்த நண்பர்களில் ஒருவன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தவன்.) கடைசியில் என் மாமனாரே மேடையேறி வந்தார். வண்டியை மடக்குகிற போலீஸ்காரர் மாதிரி என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"ஊதுங்க மாப்ளே."

ஊதினேன். மோந்து பார்த்தார். இன்னொரு தடவை ஊதச் சொல்லி மோந்து பார்த்தார். பிறகு சனத்தைப் பார்த்துத் திரும்பி, "சுத்தமா கீறாரு" என்று தீர்ப்பு சொன்னார். மண்டபமே மூச்சு விட்டது. தாய்மாமன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். குடிக்கவில்லை என்பதில் எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். குடிக்காதவன் எதற்குத் தள்ளாடுகிறான் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒருத்தியைத் தவிர. அமுதா தன் அப்பாவிடம், "கேட்டதையே கேட்டுக்கினு கீறாரு நைனா, டாக்டராண்ட காட்டலாம்" என்றிருக்கிறாள். ஆம்பளைக்கும் கல்யாணப் பதட்டம் இருக்கும்மா என்று அவர் சமாதானம் சொல்லிவிட்டார். மணப்பெண் அதற்கு மேல் பேசினால் நன்றாக இருக்காது.

மறுநாள் காலையில் தாலி கட்டினேன். வீடியோவில் என் முகம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, கொஞ்சம் மந்தமாக. அதைப் பார்த்து ஒரு மாமி, மாப்பிள்ளை எவ்வளவு அடக்கம் என்று பாராட்டியது ஒலிப்பதிவாகியிருக்கிறது. அடுத்து பானைக்குள் மோதிரம் போட்டு எடுக்கிற விளையாட்டு. மஞ்சள் தண்ணீருக்குள் இரண்டு பேரும் கையை விட்டு, ஒரே நேரத்தில் குனிந்தோம். தலை இரண்டும் டக்கென்று முட்டிக்கொண்டன. மெதுவாகத்தான். சனம் சிரித்தது.

அதோடு விட்டிருக்கலாம். தனம் பெரியம்மா விடவில்லை. என் அம்மாவின் அக்கா அவள். எந்தச் சடங்கும் குறையாமல் நடக்க வேண்டும் என்று பந்தல்கால் நட்ட நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவள்.

"ஒரு வாட்டி முட்டிக்கினா கொம்பு மொளைக்கும். இன்னொரு வாட்டி முட்டிக்குங்க."

இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. நம் ஊரில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் இரண்டாவது முட்டு முட்டி வளர்ந்தவர்கள்தான். அமுதா தயங்கியதும், பெரியம்மாவே எங்கள் இரண்டு பேர் பிடரியையும் பிடித்து, தேங்காய் முற்றியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு முட்டு வைத்தாள். அமுதா "ஸ்ஸ்" என்றாள். நான் பானையோடு சரிந்தேன்.

கை கால் வெட்டி இழுத்தது. உடனே இரும்பு தேடினார்கள். ஸ்டோர் ரூம் சாவிக்கொத்து யார் கையிலோ இருந்தது, அதை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்கள். நான் அதை இறுக்கிப் பிடித்தபடியே காரில் போய்விட்டேன். வாழை இலைக் கட்டு முழுக்க அந்த ரூமுக்குள். முகூர்த்தப் பந்தி பேப்பர் தட்டில் நடந்தது என்று எங்கள் சித்தப்பா இன்றும் வருத்தப்படுகிறார். நான் பிழைத்ததைவிட அதை அவர் அதிகம் பேசுவார்.

உத்திரமேரூரில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். அந்த நேரத்தில் வராந்தாவில் ஒரு பேச்சு ஓட ஆரம்பித்திருந்தது. தாலி ஏறின கையோடு மாப்பிள்ளை விழுந்துவிட்டான், பெண் ராசி அப்படி. முதலில் முணுமுணுப்பு. பிறகு தனம் பெரியம்மாவே வாய்விட்டுச் சொன்னாள், கொஞ்ச நாள் பெண் மாகறலிலேயே இருக்கட்டும், தோஷம் கழித்துவிட்டுக் கூட்டிக்கொள்ளலாம் என்று. அமுதா கல்யாணப் புடவையில், நெற்றியில் புடைப்போடு, சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். அவளுக்கும் அடிபட்டிருக்கிறது என்பதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

கண் விழித்ததும் நான் அவளைப் பார்த்திருக்கிறேன். பட்டுப்புடவை, மாலை போட்ட தடம், தலை நிறைய பூ.

"உங்களுக்குக் கல்யாணமா? மாப்பிள்ளை எங்க?"

சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். அமுதா, "நீங்கதான்" என்றாள். சற்று நேரத்தில் நான் மறுபடி கேட்டேன். "நீங்கதான்." மறுபடி. தன்னை விலக்கிவைக்கப் பேசிக்கொண்டிருக்கிற சனத்துக்கு நடுவில், தன்னை யாரென்றே தெரியாதவனுக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். தனியாக நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்றதும், அப்படியானால் இது தோஷம்தான் என்று பெரியம்மா ஆரம்பித்தாள். டாக்டர் அவளையே உட்காரவைத்துப் பேசினார்.

"தூக்குல தயிர் எடுத்துக்கிட்டு டவுன் பஸ்ல போயிருக்கீங்களா? தூக்கு நசுங்காது. உள்ள தயிர் கலங்கிடும். நசுங்கினது ஸ்கேன்ல தெரியும், கலங்கினது தெரியாது. இதுக்கு முன்னாடி எங்க அடிபட்டாரு?"

அமுதாதான் முன்னால் வந்து, ஷட்டர், திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, வாந்தி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். முதல் அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் விழுகிற இரண்டாவது அடி, லேசானதாக இருந்தாலும் ஆபத்து, சிலசமயம் ஆளே போய்விடலாம் என்றார். நேற்றே கூட்டிவந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அமுதாவைக் காட்டி, "நேத்து உங்க எல்லாரிலயும் இந்தப் பொண்ணு ஒருத்திதான் சரியா யோசிச்சிருக்கு" என்றார். அவள் நெற்றியையும் அப்போதே பரிசோதித்தார்.

பெரியம்மா அரைமனதாக, "நான் மெதுவாத்தான் முட்டினேன்" என்றாள். ராசிப் பேச்சு அன்றோடு நின்றது.

வீட்டுக்கு வந்தபின் என்னைத் தூங்கவிடாமல் காவல் காக்க உறவினர்கள் முறை போட்டார்கள். தலையில் அடிபட்டவன் தூங்கினால் எழுந்திருக்க மாட்டான் என்று யாரோ சொன்னார்களாம். பரிசோதித்து அனுப்பிய பிறகு தூக்கம்தான் மருந்து என்று டாக்டர் போனில் திட்டியதும் கலைந்தார்கள். முன்பெல்லாம் இருட்டறையில் வெகுநாள் படு என்பார்களாம். ஆராய்ந்து பார்த்து இப்போது மாற்றிவிட்டார்கள். முதலில் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு தலைவலி அதிகமாகாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நட என்கிறார்கள். நான் வயல் வரப்பு வரை நடந்து திரும்புவதற்கே தலை தெறித்தது. டிவி சத்தத்துக்கு எரிந்து விழுந்தேன். வெகுகாலம் மூக்கில் வாசனையே ஏறவில்லை. என் வாயை மோந்து பார்த்த மாமனார் வீட்டு விருந்தில், கறிக்குழம்புக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் சாப்பிட்டேன்.

குணமானதும் போனில் இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். மூளை அடியை ஆராய்கிறவர்கள் குத்துச்சண்டைக்காரர்களையும் கால்பந்து வீரர்களையும்தான் அதிகம் சோதிக்கிறார்கள். ஒருத்தராவது நம் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வந்து பானை விளையாட்டைப் பார்த்திருந்தால், மோதிரத்தோடு ஹெல்மெட்டும் சீரில் சேர்ந்திருக்கும்.

போன வருஷம் ஐயங்கார்குளத்தில் ஒரு காதுகுத்து. எங்கள் மகளும் சித்தப்பா பேத்தியும் ஓடிப்பிடித்து விளையாடி நெற்றியை முட்டிக்கொண்டார்கள். இரண்டும் வீறிட்டு அழுதன. தனம் பெரியம்மா பழக்கதோஷத்தில் எழுந்து வந்து, இரண்டு பிடரியையும் பிடித்தாள். நான் எழுந்திருப்பதற்குள் அமுதா போய், இரண்டு நெற்றிக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

"கொம்பு மொளைக்கும்டி" என்றாள் பெரியம்மா, குரலே எழும்பாமல்.

"மொளைக்கட்டும் அத்தே. மாட்டுப் பொங்கலுக்குப் பெயின்ட் அடிச்சிக்கலாம்."

பெரியம்மா பிடியை விட்டாள். ஒரு நிமிஷம் அமுதாவின் நெற்றியையே பார்த்தாள். பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இப்போது எங்கள் சொந்தத்தில் யாரும் இரண்டாவது முட்டு முட்டுவதில்லை. மாட்டுப் பொங்கலன்று காலையில் முதல் போன் பெரியம்மாவிடமிருந்துதான் வரும். இந்த வருஷம் நம் வீட்டுக் கொம்புகளுக்கு என்ன கலர் என்று அமுதாவைக் கேட்பாள். அமுதா ஒரு கலர் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, மாப்பிள்ளை எங்க என்று கேட்பாள். நான்தான் என்று நான் சொல்ல வேண்டும்.