முகடு மட்டும் தெரிந்த கல்யாணம்

எச்சரிக்கை மணி தொந்தரவாக இருக்கிறது என்று மணியையே கழற்றி வைக்கும் ஆள் எல்லாக் குடும்பங்களிலும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது நான்.

தங்கை வதனியின் திருமணம் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், கர்க்லாண்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாமா வந்திருந்தார். மாமிக்கு விசா கிடைக்கவில்லை. வதனியைச் சிறுவயதில் தூக்கி வளர்த்தவர் மாமி. யார் வந்தார்கள், என்ன சேலை, யார் யாரோடு கதைக்காமல் இருந்தார்கள், எல்லாம் படமாக வந்துசேர வேண்டும் என்பது மாமாவுக்கு அவர் இட்ட கட்டளை. (கூலிக்குப் பிடித்த புகைப்படக்காரர் மணமக்களை விட்டு நகரமாட்டார் என்பது மாமிக்குத் தெரியும்.)

மாமாவின் போன் பழையது. தாலி கட்டுவதற்கு முன்பே அதில் இடம் முடிந்துவிட்டது.

"தம்பி, இது இனி எடுக்காதாம். என்ன செய்யிறது?"

விருந்தினர்கள் படங்களை ஏற்றுவதற்கென்று நான் ஓர் இணையத்தளம் செய்து வைத்திருந்தேன். (ஒருவரும் கேட்கவில்லை.) படங்கள் நேரே தரவுத்தளத்துக்குள் போய் உட்காரும். பழைய பத்திரிகைகளில் வருவதுபோல, படத்துக்குக் கீழே 'இடமிருந்து வலம்' என்று பெயர்கள் எழுத ஒரு கட்டமும் வைத்திருந்தேன்.

"இதில ஏத்திப்போட்டு போனில இருக்கிறதை அழியுங்கோ மாமா. பேந்து இன்னும் எடுக்கலாம்."

"அழிச்சாப் போயிடாதோ?"

"என்ரை தளத்தில பத்திரமா இருக்கும்."

"நீ சொன்னாச் சரி."

அவர் அன்று முழுக்க எடுத்தார், ஏற்றினார், அழித்தார். போனின் குப்பைத்தொட்டியைக் காலியாக்கும் விதத்தையும் நானே காட்டிக்கொடுத்தேன்.

எல்லோரும் கூடியிருந்து முதன்முதலாகப் பார்க்கட்டும் என்று தளத்தைப் பூட்டியும் வைத்தேன். மாமா திரும்பிப் போவதற்கு முதல்நாள், பக்கத்து ஊரான பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் திறப்புவிழா. வீடியோ அழைப்பில் மாமி, கல்யாணத்துக்கு வந்தவர்போலப் பட்டுச்சேலையில்.

முதல் படம்: மண்டபத்து முகடு, கூரையின் உட்புறம். அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். இரண்டாவது: முகடு, ஒரு சரவிளக்கு. மூன்றாவது: முகடு, யாரோ ஓர் உயரமானவரின் தலைமயிர். கீழே மாமா ஒழுங்காக எழுதியிருந்தார்: 'இடமிருந்து வலம்: வதனி, மாப்பிள்ளை, சம்பந்தியம்மா.'

"அண்ணை, இதில நான் எது?" என்றாள் வதனி.

"அந்த லைட் எரியுதெல்லே, அதுக்கு நேர கீழ" என்றார் மாமா. அவர் பகிடி விடவில்லை.

முதலில் இணையத்தைப் பழித்தேன். பிறகு தொலைக்காட்சியை. பிறகு, வெட்கமில்லாமல், மாமாவின் போனை. கடைசியில் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாப் படங்களும் ஒரே அளவு: 65,535 பைட். வெவ்வேறு படங்கள் அப்படி ஒரே எடையில் இருப்பது இயற்கையில் நடக்காது. நான் தேர்ந்தெடுத்திருந்த 'பிளாப்' என்ற பெட்டி அவ்வளவுதான் கொள்ளும். பெரிய படங்களுக்கு 'மீடியம் பிளாப்' என்று வேறொன்று இருக்கிறது. படம் மேலிருந்து கீழாகப் பதிவாவதால், கொள்ளாத கீழ்ப்பாகம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. கொள்ளாவிட்டால் தரவுத்தளம் மறுத்துக் கூச்சல் போடும். அந்தக் கூச்சல் எரிச்சலாக இருக்கிறது என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

சோதித்துப் பார்க்கவில்லையா? பார்த்தேன். என் கடவுச்சீட்டுப் படத்தை ஏற்றினேன். சின்னப் படம், முழுதாக வந்தது. லட்சணமாகவும் இருந்தது.

மற்ற விருந்தினர்கள் என் பேச்சைக் கேட்டு எதையும் அழிக்கவில்லை. கேட்டவர் மாமா ஒருவர்தான். மற்றவர்கள் தங்கள் போனிலிருந்து மறுபடி அனுப்பிய படங்களில் பெரும்பாலும் அவர்களே இருந்தார்கள்.

"திருப்பி எடுக்கேலாதோ?" என்று மாமி கேட்டார்.

"ஏலாது மாமி. வெட்டுப்பட்டது எங்கையும் இல்லை."

மாமி பட்டுச்சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"சரி, மிச்சத்தையும் காட்டு. முகடெண்டாலும் பாப்பம்."

காட்டினேன். ஒவ்வொரு முகட்டுக்கும் கீழே யார் நின்றார்கள் என்று மாமா சொல்லிக்கொண்டே வந்தார். சிவப்புத் துணி தொங்கிய மணவறை உச்சி வந்தபோது, மாமி இடைமறித்தார்.

"தாலி ஏறேக்கை பிள்ளை அழுதவளோ?"

"ஓம். கொஞ்சம்" என்றார் மாமா.

திரையில் சிவப்புத் துணி இருந்தது. மாமி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வதனிக்கு இப்போது ஒரு மகள். குழந்தையை மாமிக்குக் காட்ட நான் போனைப் பிடித்தால், யாழ்ப்பாணத்திலிருந்து உடனே குரல் வரும்: "தம்பி, கொஞ்சம் கீழ காட்டு." வீடே சிரிக்கும். குழந்தை முழுதாகத்தான் தெரியும். ஆனாலும் நான் போனைக் கொஞ்சம் தாழ்த்துவேன்.