மாட்டுக்கொட்டகைப் பக்கத்து வெளிச்சம்

வலங்கைமான்,
கார்த்திகை 9

அன்புள்ள மகன் மணிவண்ணனுக்கு, அம்மாவின் ஆசிகள். நான் நலம். நீயும் சுவேதாவும் நலமென்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய படத்தை நான் தலைகீழாக வைத்துப் பார்த்ததாக உன் மனைவி சொல்லி வருகிறாளாம். தவறு. வடக்கு மேலே இருக்கும்படிதான் வைத்தேன். கான்வென்ட் சிஸ்டர்களிடம் பூகோளம் படித்தவள் நான்.

நடந்தது இதுதான். நம் வீடு பள்ளத்தில் இருக்கிறது, பெருமழைக்கு முன் பெங்களூருக்கு வந்துவிடு என்று சொல்வதற்காக, உன் அலுவலகக் கணினியில் ஊரின் மேடுபள்ளங்களுக்கு நிழல் தீட்டிப் படமாக்கி அனுப்பினாய். மேடென்று ஏதாவது தெரிய வேண்டுமே என்று உயரத்தை முப்பது மடங்காக்கியிருந்தாய். வரப்பெல்லாம் மலைத்தொடராக நின்றது, பொறுத்துக்கொண்டேன். ஆனால் வெளிச்சத்தை வடமேற்கிலிருந்து விழவிட்டிருந்தாயே, அந்த மூலையில் இருப்பது நம் மாட்டுக்கொட்டகை, அங்கிருந்து யாருக்கு விடிந்திருக்கிறது? உன் அப்பா பேப்பர் படித்த நாற்காலியில் இந்த மாதம் முழுக்கக் காலை வெயில் தென்கிழக்கிலிருந்துதான் விழும். இன்றும் விழுந்தது, நாற்காலிதான் காலி. திருத்தச் சொன்னேன்.

"அம்மா, படத்துக்கு மேல் பக்கத்துலேருந்து வெளிச்சம் விழுந்தாத்தான் கண்ணுக்கு மேடு மேடாத் தெரியும். கீழேருந்து விட்டா பள்ளமெல்லாம் மேடாத் தெரியும்மா" என்றாய்.

"சூரியனுக்கு நீ வழி சொல்லாதே" என்றேன்.

திருத்தி அனுப்பினாய். புதிய படத்தில் நம் வீடு மேட்டின் உச்சியில் கம்பீரமாக நிற்கிறது. அடுத்த வீட்டு ரெத்தினத்திடம் காட்டினேன். மழைக்கு இங்கேதான் பத்திரம் என்று அவன் விதை உளுந்து நாலு மூட்டையையும் நம் கூடத்தில் கொண்டுவந்து அடுக்கிவிட்டான். ஆகவே நான் எங்கும் வருவதற்கில்லை.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீண்ட ஆயுளோடு இருங்கள்.

அம்மா,
ஆனந்தவல்லி துரைராசு

பி.கு. (கார்த்திகை 12): இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் முழங்கால் தண்ணீர். புதிய படத்தில் வாய்க்கால் மலைமுகடு மாதிரி உயர்ந்து ஓடியபோதே நான் யோசித்திருக்க வேண்டும். உளுந்து மூட்டைக்குள்ளேயே முளைத்துவிட்டது. "மேடுன்னீங்களே பெரியம்மா" என்று ஒரு முறைதான் கேட்டான் ரெத்தினம். பிறகு அவனே உன் அப்பா நாற்காலியைத் தலையில் தூக்கி மாடியில் வைத்தான். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பள்ளத்தை மேடென்று நம்பியதைச் சுவேதாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்தாதே. உங்கள் வீட்டில் காலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது? அங்கே இந்த நாற்காலியைப் போட இடமிருக்குமா? போனில் வேண்டாம். காகிதத்தில் எழுதிப் பதில் அனுப்பு.