அக்கா அறைப் பெட்டிக்கு எர்த் கொடுத்த விவரம்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் சுகம். மாடியறைப் பெட்டியும் நேற்றிலிருந்து சுகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"இன்னொரு தடவை அந்தப் பெட்டி செத்துப்போச்சுன்னா அம்மாவை இங்க கூட்டிட்டு வந்துடுவேன் மாமா" என்று நீ போனில் சொன்னது நியாயம்தான். முட்டிவலியோடு அவள் மாடியில் இருக்கிறாள். கூப்பிட்டால் கீழே எனக்குக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பேசும் பெட்டியை நானே செய்தேன். பட்டனை அழுத்தி அவள் பேசினால் என் மேசையில் கேட்கும். நானும் இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்லலாம். ஆனால் மாடிப் பெட்டி அடிக்கடி ஊமையாகிவிடும். ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூடிரைவரோடு மேலே போய் உள்ளே இருக்கும் அதே ஐ.சி. சில்லை மாற்றுவேன். என் கைவேலைதான் மோசமோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பிறகுதான் நிலைமின்சாரம் என்று புரிந்தது. கம்பளி சாக்ஸோடு நைலான் விரிப்பில் காலைத் தேய்த்து நடந்து, பட்டனின் உலோக விளிம்பைத் தொட்டால், விரலிலிருந்து சுருக்கென்று பொறி பாய்ந்து ஐ.சி.யைத் தீர்த்துவிடும். பிளாஸ்டிக் டப்பா அதைத் தடுக்காது. இதை உன் அம்மாவுக்கு விளக்கி, எதைச் செய்யக்கூடாது என்று நடந்தும் காட்டினேன். "மறுபடி ஒரு தடவை காட்டு" என்று கேட்டுக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே பெட்டி ஊமை.

ஆகவே டப்பாவின் உட்புறம் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டினேன். மூடியதும் தாள் சர்க்யூட்டின் முதுகில் பட்டுப் புகை வந்தது. "என்னடா தம்பி, கருகற வாசனை வருது. மூளையைக் கழட்டி உள்ள வச்சுட்டியா?" என்றாள். நடுவில் அட்டை வைத்தேன். மின்சாரம் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று தாளையும் பட்டன் விளிம்பையும் ஒரு கம்பியால் குளியலறைக் குழாயோடு கட்டினேன். கட்டி முடித்த பிறகு, "குழாய் பிளாஸ்டிக்குடா" என்றாள். முன்னாலேயே சொல்லக்கூடாதா என்றேன். "சந்தோஷமா கட்டிட்டிருந்தே, எதுக்குக் கெடுப்பானேன்?"

கம்பியைச் சுவர்ப் பிளக்கின் எர்த் துளைக்கு மாற்றினேன். வேலை செய்யும்போது என் உடம்பிலும் மின்சாரம் தங்கக்கூடாதே என்று மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி, அதையும் பெட்டியோடு இணைத்துக்கொண்டேன். கீழே போன் அடித்தது. மறந்து எழுந்து ஓடினேன். பெட்டியும் கம்பியில் சிக்கிய மருந்துப் புட்டியும் படியில் என் பின்னாலேயே வந்தன. போனில் நீதான். பெட்டி எங்கே என்று கேட்டாய். என்னோடுதான் இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

எல்லாவற்றையும் சரிசெய்து, நேற்று நானே சாக்ஸ் போட்டு அறை முழுக்கத் தேய்த்து நடந்து தொட்டுப் பார்த்தேன். பெட்டி பிழைத்தது. ஆகவே அம்மாவை அழைத்துப்போகும் யோசனையைத் தள்ளிவைக்கலாம் என்று எனக்குப் படுகிறது. தவறாக இருந்தால் சொல்.

உன் வீட்டில் எல்லா நலமும் தங்கட்டும். மின்சாரம் மட்டும் எங்கும் தங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையில் போடுமுன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முகம் வாடிவிட்டது. "அப்ப இனிமே கெடவே கெடாதா?" என்றாள். கெடாது என்றேன். "பெட்டி நல்லா இருந்தா கீழேயிருந்தே 'என்ன அக்கா'ன்னு கேட்டுட்டு விட்டுடறே. கெட்டாத்தான் மேல வந்து உக்காந்து பேசறே. எப்படிக் கெடுக்கறதுன்னு நீதானே நடந்து காட்டினே?" என்றாள். எர்த் கம்பியைக் கழற்றிவிட்டேன். அந்த ஐ.சி. இங்கே கடையில் தீர்ந்துவிட்டது. உன் பக்கம் கிடைத்தால் ஒரு டஜன் அனுப்பு. இனி பெட்டி ஊமையானால் பதறாதே. நான் மாடியில்தான் இருப்பேன்.