ஐந்து சனிக்கிழமையாக எழாத மடிக்கணினி

தம்பெரே, வியாழக்கிழமை

அன்பு மகள் சில்யாவுக்கு அப்பா எஸ்கோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் காபிக் கெண்டியும் சௌக்கியம். ஹெல்சின்கியில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மடிக்கணினிதான் சௌக்கியமில்லை. இதை மின்னஞ்சலில் சொல்லியிருக்கலாமே என்பாய். தூங்கிப்போன மடிக்கணினியிலிருந்து மின்னஞ்சல் எப்படியம்மா போகும்? அதனால்தான் தபால்தலைச் செலவு.

நீ போன சனிக்கிழமை ஏற்றிக்கொடுத்த ஐந்தாவது திருத்தமும் பலிக்கவில்லை. நீ சொன்னபடியே மூடியைச் சாத்தி, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி திறந்து, "எழுந்தது", "எழவில்லை" என்று கட்டம் போட்ட தாளில் குறித்தேன். இருபது தடவை. இருபதும் "எழவில்லை". முப்பத்தெட்டு வருடம் காகித ஆலையில் மின்பழுது பார்த்தவன் நான். இப்படியொரு தூக்கத்தை எங்கள் மேற்பார்வையாளரிடம்கூடப் பார்த்ததில்லை. இதற்கிடையில் பக்கத்து வீட்டு ஹில்க்கா வேறு உயிரை வாங்குகிறாள். அவளும் நானும் ஒரே கடையில் ஒரே தள்ளுபடியில் ஒரே மாடலை வாங்கித் தொலைத்தோம் அல்லவா? "ஏன் எஸ்கோ, உன் பொண்ணு கணினிக்கு மூளை எழுதுறவளாமே, என்னோடதை எழுப்ப மாட்டாளா? பொத்தானை அமுக்கி அமுக்கி என் கட்டைவிரலே தேஞ்சுபோச்சு!" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறாள். நான் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். தள்ள வேண்டிய பனியெல்லாம் தள்ளி முடிந்து, தள்ளியதையே திரும்பவும் தள்ளினேன்.

முதல் சனிக்கிழமை நீ விளக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "தப்பு உள்ளே இருக்குற சில்லுலப்பா. ஆழ்ந்த தூக்கம் எனக்குத் தெரியும்னு பொய் சொல்லுது. போனா திரும்பி வர வழி தெரியாம முழிக்குது" என்றாய். சில்லைப் பிடுங்கிப் போட்டு வேறு வைக்கச் சொல்லேன் என்றேன். "வித்தாச்சேப்பா, ஊரெல்லாம் போயாச்சே. இனிமே நாமதான் அதோட குணம் தெரிஞ்சு நடந்துக்கணும். இந்த மாடலைப் பார்த்தா ஆழமாத் தூங்க விடாதே, கோழித்தூக்கம் போதும்னு கணினியோட மூளையில, அதான் கெர்னல்ல, ஒரு வரி சேர்த்துடுவோம்." உன் அம்மா நாற்பத்தொரு வருடம் என்னிடம் அதைத்தானே செய்தாள் என்றேன். நீ சிரித்தாய். அம்மா ரைலி போன இந்த இரண்டு வருடத்தில் இந்தச் சமையலறையில் யாரும் சிரித்ததில்லை, சில்யா.

ஜெர்மனியிலிருக்கும் அந்த டெட்லெஃப், கெர்னலில் மின்சார விவகாரத்துக்குக் காவல்காரர், கறாரான ஆள் என்றாய். இயந்திரத்தைக் கையில் வைத்திருப்பவன் சோதித்துப் பார்த்துப் பெயர் போடாமல் ஒரு வரியையும் உள்ளே விடமாட்டாராமே. பொய்ச் சாட்சி சொல்லலாமா நான்? ஆகவே வேறு வழியில்லை, இந்தச் சனிக்கிழமையும் நீ வந்துதான் ஆகவேண்டும். முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் தந்தையர் தினத்துக்கும் தொலைபேசியில் நாலு வார்த்தை. "நல்லாருக்கியாப்பா?" "ம்." "பனி?" "இருக்கு." அவ்வளவுதான் நம் பேச்சு. இப்போது வாராவாரம் நீராவிக் குளியலுக்குச் சவுனாவை மூட்டுகிறேன், சால்மன் சூப் வைக்கிறேன், நீ அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டே "உப்பு ஜாஸ்திப்பா" என்கிறாய். மடிக்கணினி விஷயத்தில்தான் எனக்கு வருத்தமே தவிர வேறு குறை ஒன்றுமில்லை.

ரயிலடியில் வழுக்கும், பார்த்து நட. குல்லா போட்டுக்கொள். அம்மா இருந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடிய ஆசிகளையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு, எழாத கணினியின் சொந்தக்காரன்,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டியபிறகு கெண்டி ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். ஹில்க்கா வீட்டுச் செருப்போடு பனியில் ஓடிவந்தாள். "எழுந்துடுச்சு எஸ்கோ! செவ்வாய்க்கிழமை ஏதோ புதுசா வந்து ஏறுச்சு, அதுலேர்ந்து மூடியைத் திறந்தா டக்குனு எழுந்துக்குது!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கணினியைத் திறந்து (ஆமாம், எழுந்தது. உன் முதல் திருத்தத்திலிருந்தே ஒழுங்காக எழுந்துகொண்டுதான் இருக்கிறது. தாளில் எழுதியதெல்லாம் பொய்) அந்தப் புதுசோடு வந்த மாற்றங்களின் பட்டியலைத் தேடிப் படித்தேன். அதில் நம் மாடலின் பெயர். அதன் கீழே "சோதித்தவர்: எஸ்கோ". தேதி, நீ இரண்டாம் முறை வந்துபோன மறுநாள்.

பிறகுதான் நீ வாராவாரம் பென்டிரைவில் எடுத்துப்போகும் அந்தப் பதிவை முதல்முறையாகப் படித்துப் பார்த்தேன். தூங்கி எழுந்ததையெல்லாம் அது தானே எண்ணி வைத்திருக்கிறது: இந்த வாரச் சோதனையில் வெற்றி இருபது, தோல்வி பூஜ்யம். இதைப் படிப்பதுதானே உன் பிழைப்பு! அடிப் பாவி, எல்லாம் தெரிந்தே என் எதிரில் உட்கார்ந்து, என் தாளைப் பார்த்து, "ச்சே, இன்னும் எழலையாப்பா? சரி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று முகத்தைத் தொங்கப்போட்டாயே!

இந்தச் சனிக்கிழமை சோதிக்க ஒன்றுமில்லை. வா. உப்பைக் குறைக்கிறேன்.