ஸ்பானருக்குச் சட்டை

ஸ்பானருக்குச் சட்டை போட்டு அழகு பார்த்த மனிதரை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? இல்லையென்றால் நம் மீட்டர்காரர் வீட்டுக்கு வாருங்கள்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதி வருவதுதான் அவருக்கு உத்தியோகம். உடம்பு ஊரெல்லாம் சுற்றும்; உயிர் மட்டும் வீட்டுப் பின்னறையில் இருக்கும். பின்னறை என்று நாம் சொல்லலாம். அவர் சொல்ல மாட்டார், ‘ஒர்க்‌ஷாப்’ என்பார். ஸ்பானர், உளி, குறடு, ரம்பம் என்று ஒரு தொழிற்சாலைக்கு வேண்டிய சாமானெல்லாம் அங்கே இருந்தது. இல்லாதது தொழில் ஒன்றுதான். சமையலறைக் குழாய் வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் மெஷின் கிடந்த இடம் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள இடைவழி. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஊசிக்காது தெரியும். அந்த வழியாகப் போகிற யாரும் இடுப்பில் ஒரு இடி வாங்காமல் போனதில்லை. பின்னறையிலோ ஆள் உயர ஜன்னல். வெளிச்சம் வந்து கொட்டும். அந்த அறையைக் கொடுங்கள் என்று அவள் கேட்காத நாளில்லை. அவரும் ஒரே பதிலைச் சொல்லாத நாளில்லை. சாமான்களை வெளியே வைத்தால் துருப்பிடித்துவிடும். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

ஒரு நாள் அவள் பின்னறைக்குள் போய் ஒரு உளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள். வறுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது உளி.

“இது உள்ளே இருந்ததுதானே?”

“ஈரக்காத்துல லேசா...”

“உள்ளே வெச்சாலும் துரு, வெளியே வெச்சாலும் துருன்னா, அப்புறம் அறை எதுக்குங்க?”

மீட்டர்காரர் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அறை போச்சு. அறை போனால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. அன்றே சபதம் எடுத்தார்: இனி என் சாமான் எதுவும் துருவின் முகத்தில் விழிக்காது.

மருந்து மச்சானிடம் கிடைத்தது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், லேத் பட்டறை நடத்துகிறவர். வெல்லக்கட்டி போல ஒரு பழுப்புக் கட்டியைத் தந்தார். இதை உருக்கி, சாமானை அதில் முக்கி எடுத்தால் மேலே தடித்த தோலாகப் பிடித்துக்கொள்ளும், காற்றும் தண்ணீரும் கிட்டே வராது என்றார். வேண்டும்போது கத்தியால் ஒரு கீறல். வாழைப்பழம் மாதிரி உரிந்து வந்துவிடும். உரித்த தோலைத் திரும்பவும் உருக்கிக்கொள்ளலாம். மீட்டர்காரர் மச்சானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளாத குறை.

உருக்குவதற்குப் பாத்திரம்? பயந்து பயந்து மனைவியிடம் கேட்டார். கரண்டி கேட்டாலே காரணம் கேட்கிறவள், அடிகனமான பாத்திரம் ஒன்றை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். கேட்காமலே இடுக்கியும் கொடுத்தாள். மூளையுள்ள புருஷன் அந்த இடத்தில் விழித்துக்கொண்டிருப்பான். நம்மவர் பாத்திரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் அடுப்பு வைத்தார். கட்டி உருகித் தேன் மாதிரி நின்றது. சூடோ, கொதிக்கிற தண்ணீரெல்லாம் அதன் முன்னால் இளநீர். முதல் ஸ்பானரைச் சுத்தமாகக் கழுவி, ஈரம் துடைக்காமல் அப்படியே முக்கினார். சடசடவென்று பொரிந்து மேலே தெறித்தது. மீசையின் இடது பக்கம் அன்றோடு வேலையை விட்டு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் பிறந்த குழந்தையைத் துவட்டுவது போலத் துவட்டித்தான் முக்கினார். பொழுது சாய்வதற்குள் கொடிக்கம்பி முழுக்க ஸ்பானரும் குறடும் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கின. முக்குவதற்குச் சாமான் தீர்ந்துபோய், அவர் கண் அவளுடைய கத்தரிக்கோல் மேல் போயிற்று. அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கண் திரும்பி வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தபால்காரர் வேடிக்கை பார்க்க வந்தார். கேட்க ஒரு காது கிடைத்தால் விடுவாரா நம்மவர்? துருவின் பூர்வீகத்திலிருந்து ஆரம்பித்தார். அவள் இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி பக்கத்தில் நின்றாள்.

“ஏங்க, இதுமேல மழை பட்டா?”

“படட்டும்! ஒரு சொட்டு உள்ளே போகுமா?”

“புழுதி, பனி?”

“அட, தண்ணித் தொட்டிக்குள்ளே போட்டு வெச்சாலும் புத்தம் புதுசாவே இருக்கும்மா.”

“அப்ப எங்க வேணும்னாலும் வைக்கலாம்?”

“தாராளமா. எங்க வேணும்னாலும்.”

“அண்ணே, நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்றாள் தபால்காரரிடம். கேட்டேன் என்று தலையாட்டிவிட்டு, தபால்காரர் அவசரமாகக் காப்பியைக் குடித்து முடித்தார். அவருக்கும் வீட்டில் மனைவி உண்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியும்.

மறுநாள் மீட்டர்காரர் வேலை முடிந்து வந்தார். மாடிப்படிக்குக் கீழே, கோழிக்கூடு மாதிரி இருக்கும் சந்தில், அவருடைய ஒர்க்‌ஷாப் முழுவதும் சட்டையும் தானுமாக வரிசையாகத் தொங்கியது. உள்ளே ஓடினார். இடைவழியில் இடுப்பில் எதுவும் இடிக்கவில்லை.  பின்னறை ஜன்னலோரம் மெஷின். மெஷினுக்குப் பின்னால் மனைவி. பக்கத்தில் தூக்கி வைத்த கையோடு வியர்வையைத் துடைத்துக்கொண்டு மச்சான்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கிறார். அதைத் தன் கையாலேயே உருக்கி, முக்கி, காயவைத்து எடுத்தவர் தான் ஒருவர்தான் என்று அவருக்குத் தோன்றியது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தார்.

அவள் முந்திக்கொண்டாள். “வந்துட்டீங்களா? மெஷின் காலு ஆடுதுங்க. முடுக்கணும், ஒரு ஸ்பானரு வேணும்.”

“உரிச்சா துருப்பிடிச்சுடுமே,” என்றார், கடைசி நம்பிக்கையாக.

“அந்த ஒண்ணை மட்டும் அறைக்குள்ளேயே வெச்சுக்கலாம்,” என்றாள் அவள், பெரிய மனசு பண்ணி. “அண்ணன் கையெல்லாம் ஒரே அழுக்கு. நீங்களே கொஞ்சம் உரிச்சுக் குடுங்களேன்.”